கருத்தடை ஒட்டுப்பட்டை

கருத்தடை ஒட்டுப்பட்டை என்பது பெண்கள் தோலில் ஒட்டிக்கொள்ளும் தற்காலிகக் கருத்தடைச் சாதனம். பேச்சு வழக்கில் ‘பேட்ச்’. ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர் சதுரமுள்ள இந்தப் பட்டையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஆகிய இரு ஹார்மோன்கள் உள்ளன. இவை தோல் வழியே இரத்தத்தில் கலந்து, கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. கருப்பை வாய்ச் சளியைக் கெட்டியாக்கி விந்தணு நுழையாமல் செய்கின்றன. ‘ஆர்த்தோ எவ்ரா’ என்ற பட்டைக்கு அமெரிக்கா 2001இல் அனுமதி அளித்தது.

பயன்படுத்தும் முறை

வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் ஒட்ட வேண்டும். நான்காம் வாரம் பட்டை கிடையாது, அப்போது இரத்தப்போக்கு வரும். அடிவயிறு, புட்டம், மேற்கையின் வெளிப்புறம், முதுகின் மேற்பகுதி ஆகியவை ஏற்ற இடங்கள். மார்பகத்தில் ஒட்டக் கூடாது. மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கினால் உடனே பலன் உண்டு. வேறு நாளில் தொடங்கினால் முதல் 7 நாள் ஆணுறையும் தேவை.

தோல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். நல்லெண்ணெயோ மஞ்சளோ பவுடரோ பட்ட தோலில் பட்டை பிடிக்காது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்த இடத்தில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வியர்வையிலும் குளியலிலும் ஒட்டியிருக்கும்படியே பட்டை தயாரிக்கப்படுகிறது. ஆனாலும் ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்ப்பது நல்லது. விழுந்து 24 மணி நேரத்துக்குள் என்றால் மறுபடி ஒட்டலாம், அல்லது புதியதை ஒட்டலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் புதிய சுற்றைத் தொடங்கி, 7 நாள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும்.

பலனும் எச்சரிக்கையும்

முறை தவறாமல் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். நடைமுறையில் ஏறக்குறைய 7 பேருக்குத் தங்குகிறது. உடல் எடை 90 கிலோவுக்கு மேல் இருந்தால் பலன் குறையலாம். பால்வினை நோய்களை இது தடுக்காது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மருந்துகளும் இதன் பலனைக் குறைக்கும்.

இரத்தம் உறைதல்தான் பெரிய ஆபத்து; அரிதானாலும் உயிருக்கே கேடு. உயர் இரத்த அழுத்தம், இரத்தக்கட்டு, பார்வைக் கோளாறுடன் வரும் ஒற்றைத் தலைவலி, மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களும் 35 வயதைத் தாண்டிய புகைபிடிப்பவர்களும் தவிர்க்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்கள் பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு மாதம் பயன்படுத்தாதிருப்பதே நல்லது. கெண்டைக்கால் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்க் கடும் தலைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில்

அரசின் குடும்பநலத் திட்டத்தில் ஒட்டுப்பட்டை இல்லை. தமிழ்நாட்டில் கருத்தடை என்றால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதத்தினர் அதைச் செய்துகொண்டவர்கள். முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட விரும்பும் பெண்ணுக்கு அது வழியல்ல. மில்லுக்கோ காட்டு வேலைக்கோ போகும் இளம் தாய்க்கு இந்த இடைவெளி மிகவும் தேவை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில் உள்ளவர்கள் இதற்காகப் பட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரசுத் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படும் இடைவெளி முறைகளில் சில: மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, ஹார்மோன் இல்லாத ‘சாயா’ மாத்திரை, தினசரி ‘மாலா-என்’ மாத்திரை, வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு பலன் தரும் காப்பர்-டி. சாயாவை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிட வேண்டும்.

எந்த முறையானாலும் தொடங்கும் முன் இரத்த அழுத்தம் பார்த்து, சாப்பிட்டு வரும் மருந்துகளைக் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சொல்லி, தனக்கு ஏற்றதைப் பெண்ணே தேர்ந்தெடுக்க வேண்டும்.