கொங்கு நாட்டில் முளை வளர்ப்பு: முளைப்பாரி முதல் கோலார்டு நுண்கீரை வரை

விதைகளைச் சட்டியிலோ தட்டிலோ நெருக்கமாகத் தூவி, வீட்டுக்குள்ளேயே சில நாட்களில் இளம்பயிராக வளர்த்தெடுப்பது முளை வளர்ப்பு ஆகும். இவ்வாறு வளர்த்து, வித்திலைகள் விரிந்ததும் அறுத்து உண்ணும் இளங்கீரையை இன்று நுண்கீரை அல்லது மைக்ரோகிரீன்ஸ் என்கின்றனர். கோலார்டு, முள்ளங்கி, கடுகு போன்றவை இதற்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. கோலார்டு என்னும் பெயர் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்திற்குப் புதிது. வளர்க்கும் முறை புதிதன்று. கோயில் நோன்புக்கு முளைப்பாரி வளர்த்த பெண்களுக்கு அது நன்கு தெரிந்த வேலையே. ஆயினும் முளைப்பாரி வழிபாட்டிற்கு உரியது. நுண்கீரை உணவிற்கு உரியது. இந்த ஒரு வேறுபாட்டால் விதை, மண், வெளிச்சம் ஆகிய மூன்றும் மாறவேண்டி உள்ளது.

பாலிகையும் முளைப்பாரியும்

முளைவிட்ட தானியங்களை உடைய மண்கலத்திற்குப் பாலிகை என்று பெயர். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கோவலன் கண்ணகி திருமணத்தில் மகளிர் முளைப்பாலிகை ஏந்தி வந்த செய்தி இடம்பெற்றுள்ளது. கோயில் விழாக்களின் தொடக்கத்தில் பாலிகைகளில் நவதானியம் விதைக்கும் சடங்கை ஆகம வழக்கில் அங்குரார்ப்பணம் என்பர். கொங்கு நாட்டுத் திருமணச் சீர்களிலும் முளைப்பாலிகைக்கு இடம் உண்டு.

ஊர்ப் பொதுவழிபாட்டில் இதுவே முளைப்பாரி ஆனது. ஈரோடு, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கோயில் குடமுழுக்கின்போது தீர்த்தக் குடங்களுடன் முளைப்பாரி ஊர்வலம் செல்வதை இன்றும் காணலாம். பவானி, காவிரிக் கரையோர ஊர்களில் ஆடிப்பெருக்கன்று முளைப்பாரியை ஆற்றில் விடும் வழக்கமும் உண்டு. ஆடி மாதம் விதைப்புக் காலம். விதைக்கும் முன் வீட்டு விதையின் முளைப்புத்திறனை அறிந்துகொள்ளும் சோதனையாகவும் முளைப்பாரி பயன்பட்டது என்ற விளக்கம் பரவலாகக் கூறப்படுகிறது.

வளர்த்த முறை

பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு, நெல் முதலியவற்றை இரவு முழுவதும் ஊறவைப்பர். அகன்ற மண்சட்டியிலோ கூடையிலோ வைக்கோல் பரப்பி, அதன்மேல் வண்டல் மண்ணையும் காய்ந்த சாண எருப்பொடியையும் இட்டு, ஊறிய தானியத்தை நெருக்கமாகத் தூவுவர். பின்னர் வெளிச்சம் புகாத அறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளித்து வருவர். ஏழு முதல் பத்து நாட்களில் முளைகள் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து நிற்கும்.

இருட்டில் வளரும் முளை வெளிச்சத்தைத் தேடி உயரமாக நீளும். பச்சையம் உண்டாகாததால் வெளிர் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஊர்வலத்திற்கு வேண்டிய உயரமும் அழகும் இருட்டால் கிடைத்தன. வழிபாடு முடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ கரைத்துவிடுவர், யாரும் உண்பதில்லை.

பிற நாடுகளில்

இத்தகைய வழக்கம் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பண்டைய ஏதென்சு நகரப் பெண்கள் அடோனிசு விழாவில் உடைந்த பானைகளில் விரைந்து முளைக்கும் கீரைகளை வளர்த்து, பின்னர் நீரில் எறிந்தனர். விரைவில் வாடும் இந்த அடோனிசுத் தோட்டத்தைத் தத்துவஞானி பிளேட்டோ தம் நூலொன்றில் உவமையாகக் கூறியுள்ளார். வட இந்தியாவில் நவராத்திரியின்போது வீடுகளில் பார்லி முளை வளர்ப்பர். உணவுக்காக வளர்த்த முன்னோடி வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. அங்கு 19ஆம் நூற்றாண்டிலேயே சன்னல் ஓரத்தில் கடுகும் ஆளிவிதைக் கீரையும் சிறு முளைகளாக வளர்க்கப்பட்டு ரொட்டியுடன் உண்ணப்பட்டன.

கோலார்டு கீரை

கோலார்டு, முட்டைக்கோசின் உடன்பிறப்பு. முட்டைக்கோசு, காலிஃபிளவர், புரோக்கோலி, நூக்கோல் ஆகியவையும் இதுவும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. முட்டைக்கோசில் இலைகள் உருண்டு மூடிக்கொள்ளும். கோலார்டில் அவை விரிந்தே இருக்கும். ஐரோப்பாவில் தோன்றிய இக்கீரை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முக்கிய உணவானது. இந்தியாவில் காஷ்மீர் மக்கள் நாள்தோறும் சமைக்கும் ஹாக் கீரை இவ்வகையைச் சேர்ந்ததே.

முட்டைக்கோசுக் குடும்பம் கொங்கு நாட்டிற்கு நீலகிரி வழியாக வந்தது. அன்றைய கோவை மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றார். அவர் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். 1868 வரை நீலகிரி கோவை மாவட்டத்துடனே இருந்தது. மலையில் விளைந்தவை மேட்டுப்பாளையம் மண்டிகள் வழியாகச் சமவெளிச் சந்தைகளை அடைந்தன. இன்று ஈரோடு மாவட்டத்தின் தாளவாடி மலைப்பகுதியிலும் முட்டைக்கோசு விளைகிறது. குளிர் விரும்பும் இக்குடும்பத்தை, பவானி வாய்க்கால் பாயும் கோபியின் நெல்வயல்களில் முழுப் பயிராக வளர்ப்பது எளிதன்று. ஆனால் பத்து நாள் முளையை வீட்டு நிழலில் வளர்க்க முடியும்.

நுண்கீரையின் வருகை

1980களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உணவகங்களில் சமையற்கலைஞர்கள் இளமுளைகளை உணவின்மேல் தூவத் தொடங்கினர். 1997இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று நாள் புரோக்கோலி முளையில் சல்ஃபோரபேன் தரும் மூலப்பொருள் முதிர்ந்த புரோக்கோலியை விட 10 முதல் 100 மடங்கு வரை உள்ளதைக் கண்டறிந்தனர். 2012இல் அமெரிக்காவில் 25 வகை நுண்கீரைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் சிவப்பு முட்டைக்கோசு முளையில் வைட்டமின் சி மிகுதியாக இருந்தது. அதன்பின் வீட்டில் நுண்கீரை வளர்க்கும் ஆர்வம் பல நாடுகளில் பெருகியது.

முளைப்பாரி முறையை அப்படியே பின்பற்றலாமா?

பின்பற்றலாகாது. முதற்காரணம் எரு. பச்சையாக உண்ணும் கீரை சாண எருவைத் தொட்டு வளர்ந்தால் நோய்க்கிருமிகள் பரவ வாய்ப்பு உண்டு. ஈரமும் வெப்பமும் முளைக்கு உகந்தவை, கிருமிக்கும் உகந்தவையே. 2011இல் ஜெர்மனியில் கிருமி கலந்த வெந்தய முளைகளால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே விதையோடு சேர்ந்து வந்த கிருமியே காரணமாகக் கருதப்பட்டது.

இரண்டாம் காரணம் தானியம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு நஞ்சேறி விழும் என்பதைக் கொங்கு நாட்டு உழவர் அறிவர். இளஞ்சோளத்தில் சயனைடு தோன்றுவதே காரணம். ஆகவே சோளம் கலந்த முளைப்பாரியைக் கீரையாகக் கருதக்கூடாது.

மூன்றாம் காரணம் வெளிச்சம். முழுநேரமும் இருட்டில் வளர்ந்த முளையில் பச்சையம் இராது. நுண்கீரைக்கு முதல் இரண்டு, மூன்று நாட்கள் மட்டுமே இருட்டு தேவை.

வீட்டில் வளர்த்தல்

இரண்டு அங்குல ஆழமும் அடியில் துளைகளும் உள்ள தட்டே போதும். எருவுக்குப் பதிலாக, நன்கு கழுவிய தென்னை நார்த்தூளை ஓர் அங்குல உயரத்திற்கு இடவேண்டும். ஒரு சதுர அடிக்கு 7 அல்லது 8 கிராம் கோலார்டு விதையைத் தூவி, நீர் தெளித்து, மற்றொரு தட்டால் மூடவேண்டும். இச்சிறு விதையை ஊறவைக்கத் தேவையில்லை. முளைத்து எழுந்ததும் மூடியை அகற்றி, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வைக்கவேண்டும். பிறகு மேலே தெளிக்காமல், அடித்தட்டில் நீர் ஊற்றுவது அழுகலைத் தடுக்கும். எட்டு முதல் பன்னிரண்டு நாட்களில் வேர்ப்பகுதியை விட்டுக் கத்தரியால் அறுத்து, கழுவி உண்ணலாம்.

வயலில் விதைப்பதற்கென விற்கப்படும் விதைகளில் பூசணக்கொல்லி கலந்திருக்கும்; பெரும்பாலும் இளஞ்சிவப்பு போன்ற நிறம் பூசப்பட்டிருக்கும். அவற்றை நுண்கீரைக்குப் பயன்படுத்தக்கூடாது. மருந்து கலக்காத விதை என்று உறுதிசெய்து வாங்குவது இன்றியமையாதது.

கோபி வட்டாரத்தில் ஐப்பசி முதல் மாசி வரை இதற்கு ஏற்ற காலம். சித்திரை வெப்பத்தில் முளைகள் விரைவில் அழுகும். விதை வாங்கியதும் ஒரு சிட்டிகை மட்டும் முளைக்கவிட்டுப் பார்த்தபின் தட்டு முழுவதும் விதைப்பது நல்லது. முளைப்பாரி கற்றுத்தந்த விதைச்சோதனை இங்கும் பயன்படுகிறது.