பாதுகாப்பு அனுமதிக்கு யார் தகுதியானவர்?

குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் பல்லேகலையில் மாகாண சபை அலுவலகங்களும், கைத்தொழிற் பேட்டையும், இராணுவ முகாமும், 2014இல் போகம்பறையிலிருந்து இடம்மாற்றப்பட்ட சிறைச்சாலையும், சர்வதேச கிரிக்கெட் மைதானமும் அருகருகே அமைந்துள்ளன. இத்தகைய இடங்களில் தொழில் கோரும் ஓர் இளைஞனுக்கு, நேர்முகப் பரீட்சை முடிந்து மாதங்கள் சென்ற பின்னரும், "பாதுகாப்பு அறிக்கை இன்னும் வரவில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலே கிடைக்குமானால், அவன் யாரிடம் போய் எதைக் கேட்பது? தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் இக்கேள்வி சற்று அழுத்தமாகவே எழுகின்றது. அதற்கு விடை தேடுமுன், பலரும் ஒன்றாகக் கருதும் இரு பத்திரங்களைப் பிரித்தறிதல் அவசியமாகும்.

முதலாவது, பொலிஸ் நற்சான்றிதழ். வெளிநாட்டுத் தொழிலுக்கும் வீசாவுக்கும் வேண்டப்படுவது இதுவே. விண்ணப்பதாரி வசித்த பகுதியின் பொலிஸ் நிலையப் பதிவுகளும் குற்றப் பதிவுகளும் பார்க்கப்பட்டு, பாதகமான பதிவு உண்டா, இல்லையா என்று கூறப்படுகின்றது. இது கடந்த காலத்தைப் பற்றிய கூற்று. இதற்கு நாமே விண்ணப்பிக்கலாம். கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவதான பாதுகாப்பு அனுமதியோ எதிர்காலத்தைப் பற்றிய மதிப்பீடு. இன்னாரிடம் அரச இரகசியத்தையோ, ஆயுதத்தையோ, முக்கிய இடமொன்றின் திறப்பையோ ஒப்படைக்கலாமா என்பதே அங்கு எழும் வினா. குற்றமே செய்யாத ஒருவருக்கும் அது மறுக்கப்படலாம். பெரும்பாலான நாடுகளில் இதற்குத் தனிமனிதர் நேரடியாக விண்ணப்பிக்கவும் இயலாது. அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனமே கோர வேண்டும். நற்சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு "என்மீது ஒரு குற்றமும் இல்லையே" என்று வாதிடுவோரின் ஏமாற்றத்துக்குக் காரணம் இவ்வேறுபாடு புரியாமையே.

இலங்கையில் இவ்வனுமதி பல சட்டங்களின் ஊடாகச் சிதறிக் கிடக்கின்றது. பயிரை நாசம் செய்யும் காட்டுப்பன்றிக்கு எதிராக ஒரு கமக்காரர் துப்பாக்கி வைத்திருக்க விரும்பினால், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அனுமதிப்பத்திரம் வேண்டும். தனியார் காவல் நிறுவனம் நடத்துவோர் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்தல் வேண்டும். திருமணங்கூட இவ்வளையத்துக்குள் வந்ததுண்டு. வெளிநாட்டவரை மணக்கும் இலங்கையர், அவ்வெளிநாட்டவர் தொடர்பில் பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையைப் பெறவேண்டும் எனப் பதிவாளர் நாயகம் 2021 ஒக்டோபரில் விடுத்த சுற்றறிக்கை, 2022 ஜனவரி முதலாம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. புலம்பெயர்ந்து வெளிநாட்டுப் பிரஜைகளாகிவிட்ட உறவினரோடு மண உறவு கொள்ளும் தமிழ்க் குடும்பங்களை அது நேரடியாகவே தொட்டது, கண்டனங்களும் எழுந்தன.

ஆனால் 'இன்னின்ன தகைமை உடையவருக்கு அனுமதி உண்டு. இன்னின்ன காரணங்களால் மறுக்கப்படலாம்' என்று தொகுத்துக் கூறும் பொதுச் சட்டமொன்று நம்மிடம் இல்லை. 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டம் இரகசியத்தைக் காப்பதையும் அதனை மீறுவோரைத் தண்டிப்பதையும் பற்றியது. யாரை நம்பலாம் என்பதற்கு அதில் அளவுகோல் கிடையாது.

அளவுகோலை வெளிப்படையாக எழுதி வைத்துள்ள நாடு அமெரிக்கா. 2017 முதல் நடைமுறையிலுள்ள ஏற்பாட்டின்படி 13 விடயங்கள் ஆராயப்படுகின்றன. நாட்டுப்பற்று, வெளிநாட்டுச் செல்வாக்கு, கடன்சுமை, போதைப்பொருள், குற்றச்செயல், தனிநபர் நடத்தை என்பன அவற்றுட் சில. பொதுவாக அந்நாட்டுப் பிரஜைகளே தகுதியுடையோர். யாழ்ப்பாணத்திலோ அக்குறணையிலோ நெருங்கிய உறவினர் இருப்பது மட்டும் ஒருவரைத் தகுதியற்றவராக்கிவிடாது. அவ்வுறவை மறைப்பது ஆக்கிவிடலாம். படிவத்தில் உண்மையை மறைத்தல், மறைக்கப்பட்ட விடயத்தைவிடப் பெரிய குறையாகக் கருதப்படுகின்றது. பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையன்று என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1988இல் ஈகன் வழக்கில் கூறியபோதிலும், மறுக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கவும் அவர் மேன்முறையீடு செய்யவும் அங்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. பிரித்தானியாவில் வதிவிடக் காலம் முக்கியம் பெறுகின்றது. சாதாரண பாதுகாப்பு அனுமதிக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகளும், மிக உயர்ந்த நிலைக்குப் பத்து ஆண்டுகளும் அங்கு வசித்திருக்க வேண்டும்.

காரணம் கூறப்படாத மதிப்பீடு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அவுஸ்திரேலியாவில் நம்மவர் பட்ட பாடே சான்று. 2009க்குப் பின் படகேறிச் சென்றோரில் சிலர் அகதிகள் என அந்நாட்டினாலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். எனினும், உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பு அவர்களுக்கு எதிராகப் பாதகமான பாதுகாப்பு மதிப்பீடு வழங்கியது. திருப்பி அனுப்பவும் முடியாது, வெளியே விடவும் மாட்டோம் என்ற நிலையில், அவர்கள் காலவரையறையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். பெண்களும் சிறுவரும்கூட அவ்வாறு வாழ நேர்ந்தது. என்ன குற்றச்சாட்டு? சொல்லப்படவில்லை. அவுஸ்திரேலியப் பிரஜையொருவர் அத்தகைய மதிப்பீட்டை நியாயசபையில் கேள்விக்குட்படுத்தலாம். அகதிக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை.

2012 ஒக்டோபரில், இலங்கைத் தமிழ் அகதி ஒருவரின் வழக்கில், அத்தகைய மதிப்பீட்டை வைத்துப் பாதுகாப்பு வீசாவை மறுக்கப் பயன்பட்ட விதி செல்லாது என அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் இறுதியில் ஓய்வுபெற்ற நீதிபதி மார்கரட் ஸ்டோன் சுயாதீன மீளாய்வாளராகப் பொறுப்பேற்றார். மறுவருடம் ஐ.நா. மனித உரிமைகள் குழு, 46 அகதிகள் தொடர்பில் 143 மீறல்கள் நிகழ்ந்துள்ளதாக முடிவு செய்தது. அவர்களுள் இலங்கைத் தமிழரே பெரும்பான்மையினர். ரோஹிங்யா முஸ்லிம்களும் இருந்தனர். மீளாய்வாளரின் கருத்து புலனாய்வு அமைப்பைக் கட்டுப்படுத்தக்கூடியதன்று. இருந்தும், வெளியாள் ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்கத் தொடங்கிய பின்னர், பாதகமான மதிப்பீடுகள் பல மாற்றப்பட்டன. கோப்பிலிருந்த மனிதர்கள் மாறிவிடவில்லை.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையில் குண்டு வெடித்தது முதல், 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டது, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வரை, ஒவ்வொரு நெருக்கடியின் பின்னரும் சோதனைகளும் கைதுகளும் பெருகின. பிடிபட்டோரில் பலர் குற்றச்சாட்டின்றியே விடுவிக்கப்பட்டனர். பெயர் மட்டும் பொலிஸ் புத்தகத்தில் தங்கிவிட்டது. பல்லேகலையிலிருந்து மஹியங்கனை வீதி வழியே சென்றால் வரும் ஹசலகவில், 2019 மே மாதத்தில், உடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பற் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று கருதி ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. கைதுப் பதிவைப் பார்க்கும் அதிகாரி தீர்ப்பையும் தேடிப் பார்ப்பார் என்று நம்பியிருக்க முடியுமா?

வர்த்தமானியில் பெயர் வெளியிடப்படுவது இன்னும் கடுமையானது. 1968ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளுக்கமைய, 2014இல் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் பட்டியலிடப்பட்டனர். பின்னைய அரசாங்கங்கள் அப்பட்டியலைக் குறைத்தும் கூட்டியும் திருத்தியுள்ளன. ஒரே தகவல், ஆட்சிக்கேற்ப வேறு முடிவு.

பரிகாரம் அறவே இல்லை என்பதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமக்கு அனுமதி மறுக்கப்பட்டதன் காரணத்தை ஒரு பிரஜை எழுத்தில் கோரலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று கூறி மறுக்க இடமுண்டு. ஆயினும் பொதுநலன் மேலோங்கி நின்றால் தகவல் வழங்கப்படல் வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகின்றது. மறுப்பு இனத்தையோ மதத்தையோ அடிப்படையாகக் கொண்டதெனின், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்கு ஒரு மாதமே அவகாசம். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் அவ்வவகாசத்தில் சேராது. முறைப்பாட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடைபெறுவதைக் காட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் வலியுறுத்தியுள்ளது.

அனைத்துக்கும் முன்னர் பெயர்! பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட 'முஹம்மது'களும் 'இராமசாமி'களும் கண்டி மாவட்டத்தில் ஏராளம். வேறொருவரின் பதிவு தம் பெயரில் ஒட்டிக்கொள்வதற்கு அதுவே போதும். விண்ணப்பிக்குமுன் அதனைத் திருத்திக்கொள்வது நன்று. முன்னர் கைதாகி விடுவிக்கப்பட்டவராயின், நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் விடுதலைக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியைப் பெற்று, கேட்கப்படாவிடினும் விண்ணப்பத்துடன் இணைத்தல் வேண்டும். பிரதியொன்றை வீட்டிலும் வைத்திருத்தல் நலம்.