பழைய படச்சுருளும் பராசக்தி போஸ்டரும்



போன சுதந்திர தினத்தன்று நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ வந்தது நினைவிருக்கலாம். '1947 ஆகஸ்ட் 15, மவுண்ட் ரோடு' என்று கீழே எழுதியிருந்தது. சைக்கிள்கள், ரிக்‌ஷாக்கள், வேட்டி கட்டிய கூட்டம், கொடி என்று பார்க்கவே சிலிர்ப்பாக இருந்தது. அதைப் போட்டவன் நான்தான். எனக்கு யாரோ அனுப்பினார்கள், நான் இங்கே அனுப்பினேன். நிறையப் பேர் கைகூப்பு போட்டீர்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை நடைப்பயிற்சியின்போது மூன்றாவது மாடி மாமி என்னை நிறுத்தினார். எண்பது வயதைத் தாண்டியவர். "சார், அந்த வீடியோல செவுத்துல ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தேளா? பராசக்தின்னா போட்டிருக்கு! அந்தப் படம் வந்தது 52 தீபாவளிக்கு. எங்க அக்கா கல்யாணம் ஆன வருஷம்" என்றார்.

வீட்டுக்கு வந்து வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மாமி சொன்னது சரி. காட்சி நிஜம், தெரு நிஜம், கூட்டம் நிஜம். தேதி மட்டும் பொய். வங்கியில் முப்பத்தைந்து வருடம் வவுச்சர் சரிபார்த்தவன் நான். தேதியைப் பார்க்காமல் ஒரு வவுச்சரைப் பாஸ் பண்ணிவிட்டேன் என்று அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலில்தான் பழைய படச்சுருள்களைத் தொகுத்து எடுக்கப்பட்ட ஆவணப்படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அவற்றில் இரண்டைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன்.

முதலாவது ரஷ்யாவில் 1927ல் வந்தது. எடுத்தவர் எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்மணி. வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் ரசிகர்களுக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டுவது அவருடைய வேலை. ஜார் மன்னர் ஆட்சி கவிழ்ந்து பத்து வருடம் ஆனதை ஒட்டி ஒரு படம் செய்ய முனைந்தார். ஜார் குடும்பத்தைப் படம் பிடிக்கவென்றே அரண்மனையில் ஒளிப்பதிவாளர்கள் இருந்தார்கள். அணிவகுப்பு, கோயில் ஊர்வலம், கப்பல் பயணம் எல்லாம் சுருள் சுருளாக இருந்தன. ஷூப் அப்படிக் கிடைத்த பழைய படங்களில் சுமார் 60,000 மீட்டரைப் போட்டுப் பார்த்தாராம். அவ்வளவு நீளப் படச்சுருளை விரித்தால் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை போய்விடும். அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்ததுதான் 'ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி'.

அதில் ஒரு இடம். கப்பல் மேல்தளத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் நடனம் ஆடுகிறார்கள். வியர்க்க வியர்க்க ஆடினார்கள் என்ற பொருளில் ஒரு எழுத்து அட்டை வருகிறது. அடுத்த காட்சியில் விவசாயிகள் வியர்க்க வியர்க்க மண் வெட்டுகிறார்கள். அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நமக்குக் கோபம் வருகிறது.

நடனமும் நிஜம், மண் வெட்டியதும் நிஜம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது ஷூப். மன்னரின் பெருமைக்காக எடுத்த படமே மன்னருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு வவுச்சரும் ஒரிஜினல்தான், கூட்டிப் போட்ட தொகை மட்டும் அந்த அம்மாவுடையது. அந்தத் தொகை சரியா தவறா என்பது வேறு கேள்வி. யார் கூட்டியது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது.

இரண்டாவது படம் அப்படி எளிதாகப் பேசிவிடக்கூடியது அல்ல. பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1940ல் போலந்தின் தலைநகர் வார்சாவில், நகரின் ஒரு பகுதியைச் சுற்றி ஜெர்மானிய நாஜிகள் சுவர் எழுப்பி, யூதர்களை உள்ளே அடைத்தார்கள். சில சதுர கிலோமீட்டர் இடத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பட்டினியிலும் டைஃபஸ் காய்ச்சலிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கெட்டோ. 1942 மே மாதம் ஒரு ஜெர்மானியப் படப்பிடிப்புக் குழு அங்கே வந்து ஏறக்குறைய ஒரு மாதம் படம் பிடித்தது. பிறகு போய்விட்டது. ஜூலை 22 அன்று அங்கிருந்தவர்களை ரயிலில் ஏற்றி ட்ரெப்ளிங்கா கொலைக்கூடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்துக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அனுப்பப்பட்டார்கள்.

போர் முடிந்த பிறகு கிழக்கு ஜெர்மனியின் திரைப்படக் காப்பகத்தில் அந்தச் சுருள்கள் கிடைத்தன. சுமார் ஒரு மணி நேரம் ஓடும். ஒலி இல்லை, முடிக்கப்படாத படம். தெருவில் எலும்பும் தோலுமாகக் குழந்தைகள், நடைபாதையில் பிணங்கள். அடுத்த காட்சியில் நன்றாக உடுத்திய யூதர்கள் உணவகத்தில் சாப்பிடுகிறார்கள். பிச்சை கேட்பவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். கெட்டோவுக்குள் எடுத்த படம் உலகத்தில் அதிகம் இல்லை. அதனால் பல வருடங்களாக, நல்ல எண்ணத்தோடு படம் எடுத்தவர்கள்கூட இதிலிருந்து துண்டுகளை எடுத்து, 'கெட்டோ வாழ்க்கை இப்படித்தான் இருந்தது' என்று காட்டினார்கள்.

1998ல் அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றில் இன்னும் அரை மணி நேரச் சுருள் கிடைத்தது. அதே படப்பிடிப்பில் வேண்டாம் என்று ஒதுக்கியது. ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சீமாட்டி மறுபடியும் நடக்கிறார், மறுபடியும் பிச்சைக்காரரைப் பார்க்காமல் போகிறார். சில இடங்களில் கேமராவோடு நிற்கும் ஜெர்மானியரே காட்சியில் தெரிகிறார். பார்க்காமல் போகச் சொன்னதால்தான் பார்க்காமல் போயிருக்கிறார்கள். யூதர்களில் வசதி படைத்தவர்கள் தம் சொந்த மக்களையே சாக விட்டார்கள் என்று காட்ட, சாகடித்துக்கொண்டிருந்தவர்களே ஜோடித்த காட்சி.

இஸ்ரேலைச் சேர்ந்த யாயெல் ஹெர்சோன்ஸ்கி 2010ல் இந்த முழுச் சுருளையும் எடுத்துக்கொண்டு ஒரு ஆவணப்படம் செய்தார். 'முடிவுறாத திரைப்படம்' என்பது அதன் பெயரின் பொருள். அவர் செய்த வேலையை ஒரு நல்ல தணிக்கையாளர் பாராட்டுவார். சுருளை அப்படியே நம்பவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் வேறு ஆதாரத்தை வைத்துச் சரிபார்த்தார். கெட்டோவின் யூத நிர்வாகக் குழுத் தலைவராக இருந்த ஆடம் செர்னியாகோவ், படக்குழு வந்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மக்களை அனுப்பும் உத்தரவுக்கு உடன்பட முடியாமல் ஜூலை 23 அன்று தற்கொலை செய்துகொண்டவர் அவர். படம் பிடித்தவர்களில் ஒருவர் போருக்குப் பிறகு விசாரணையில் கொடுத்த வாக்குமூலமும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு வயதில் கெட்டோவில் இருந்து உயிர் தப்பிய சிலரை அழைத்துவந்து, இருட்டான திரையரங்கில் தனியாக உட்காரவைத்து அந்தச் சுருளைப் போட்டுக் காட்டினார். வசதியான வீடு ஒன்றைக் காட்டும் காட்சியில் மேஜை மேல் பூ இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டிக்குத் தாங்கவில்லை. அங்கே பூ ஏது, இருந்தால் அதையும் தின்றிருப்போமே என்கிறார். பிணங்கள் வரும்போது ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார். தெரிந்த முகம் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் அவர்கள் முகத்தில் தெரிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுருளில் எல்லாமே பொய் இல்லை. பிணங்கள் நிஜம். பசி நிஜம். கேமராவை நேராகப் பார்க்கும் அந்தக் குழந்தைகளின் கண்கள் நிஜம். அவர்களில் பலருக்கு நம்மிடம் இருக்கும் ஒரே அடையாளம் அந்தப் பொய்ப் படம்தான். பொய் என்று எரித்துவிட்டால் அந்த முகங்களும் போய்விடும். வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும், மோசடிக் கணக்கில் எல்லாப் பதிவும் தவறாக இருக்காது. பெரும்பாலானவை சரியாக இருக்கும். அந்தச் சரியான பதிவுகளின் நிழலில்தான் ஒரு தவறான பதிவு ஒளிந்துகொள்ளும்.

கணக்கில் இடம் தெரியாத தொகை ஏதாவது வந்தால் அதைத் தள்ளிவிடவும் மாட்டோம், வேறு யார் கணக்கிலாவது வரவு வைக்கவும் மாட்டோம். சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகுதான் உரிய இடத்துக்கு மாற்றுவோம். பழைய வீடியோ எது வந்தாலும் இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். யார் எடுத்தது, யாருக்காக எடுத்தது, எதை எடுக்காமல் விட்டது என்று மூன்று கேள்வி. பதில் கிடைக்கும் வரை யாருக்கும் அனுப்புவதில்லை. குழுவில் என் ஃபார்வர்டுகள் குறைந்துவிட்டன என்று சிலர் கேட்டீர்கள். காரணம் இதுதான்.

இப்போது நம் வீட்டு விஷயம். அந்தப் பெருந்துயரத்தோடு இதை ஒப்பிடவில்லை. கேள்வி மட்டும் ஒன்றுதான்.

நம் குடியிருப்பில் முதன்முதலாகப் பொங்கல் விழா கொண்டாடியது 2004ல். அதன் வீடியோ கேசட் சங்க அலுவலக அலமாரியில் இருந்தது. செயலாளர் அதை டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறார், நான் பார்த்தேன். பட்டுப்புடவை, கோலம், உறியடி, சிரிப்பு என்று எல்லாம் இருக்கிறது. அந்த வருடம் சென்னையில் தண்ணீர் பட்ட பாடு பழையவர்களுக்குத் தெரியும். லாரி வரும் நேரத்துக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தோம். பொங்கல் பானைக்குத் தண்ணீர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதே ஒரு கதை. வீடியோவில் அது எதுவும் இல்லை. விழாவை எடுக்கச் சொன்னோம், வீடியோக்காரர் விழாவை எடுத்தார். ஒரே ஒரு இடத்தில், உறியடிக் கூட்டத்துக்குப் பின்னால், படிக்கட்டு ஓரத்தில் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு விநாடி. தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்.

இருபது வருடம் கழித்து இந்த வீடியோவைப் பார்க்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குடங்கள் எதற்கு என்று யார் சொல்வார்கள்? அதில் உறியடித்தவர்களில் இரண்டு பேர் இன்று இல்லை. ஓரமாக நிற்கும் சிலரின் பெயர் எனக்கே நினைவில்லை. மூன்றாவது மாடி மாமிக்கு நினைவிருக்கலாம்.

செயலாளரிடம் பேசிவிட்டேன். வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சமுதாயக் கூடத்தில் அந்த வீடியோவைப் போடலாம் என்று ஒப்புக்கொண்டார். தேதியை அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். அன்று இருந்தவர்கள் தயவுசெய்து வாருங்கள். யார் யார் இருக்கிறார்கள், கேமரா எதை விட்டது என்று சொல்லுங்கள். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். தேதி போட்டு, சொன்னவர் பெயரும் போட்டு.

மாமிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

– ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக்