துப்பாக்கியும் புகைக்கரியும்

கருவி பழுதுபட்டால் குற்றம் கருவியினுடையதா, அதனைக் கொடுத்தவருடையதா? இவ்வினாவுக்கு எம்16 துப்பாக்கியின் வரலாறு விடை கூறுகின்றது.

தானாக இயங்கும் துப்பாக்கிகள் பலவற்றில், குண்டை உந்திய வாயுவின் ஒரு பகுதியே வெற்றுக்கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றுகின்றது. ருஷ்ய நாட்டுக் கலாஷ்னிக்கோவின் துப்பாக்கியில் அவ்வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும். அமெரிக்கரான இயூஜின் ஸ்டோனரோ, 1950களில் அதனைச் சிறு குழாய் வழியே பின்புறப் பொறிக்குள் நேரே செலுத்தினார். உறுப்புகள் குறைந்தன, எடையும் குறைந்தது. ஆனால் வெப்பமும் கரியும் உள்ளே புகுந்தன.

வியட்நாம் போரிலே வெற்றுக்கூடுகள் வெளிவராது சிக்கின. எதிரியின் முன்னே செயலற்ற துப்பாக்கியுடன் வீரர் மாண்டனர். 1967இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவொன்று இதனை ஆராய்ந்தது. வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டமையே பழுதுக்குப் பெருங்காரணம் என்றும், துப்பாக்கியைத் துப்புரவாக்கும் பயிற்சி போதாதென்றும் அது கண்டது. துடைக்கும் கருவிகள்கூடப் பலருக்குக் கிடைத்தில. பின்னர் தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சிட்டு, துடைக்கும் கருவிகளும் வழங்கியதும் முறைப்பாடுகள் குறைந்தன.

பிற்காலத்தில் ஜெர்மனியின் ஹெக்லர் கோக் நிறுவனம், ஸ்டோனரின் அமைப்பிலேயே பிஸ்டனைப் பொருத்தி எச்கே416 துப்பாக்கியை ஆக்கியது. பிரான்ஸ் அதனை 2016இல் தெரிந்தெடுத்தது. பிஸ்டன் கரியைப் பொறிக்குள் புகாமல் தடுக்கும். எடையைச் சற்றே கூட்டும்.

ஆயினும், துடைப்பாரின்றி எப்பொறியும் நெடிது உழைக்காது. துடைக்கும் துணியையும் கோலையும் கொடுத்தனுப்புவது, போருக்கு அனுப்புவோரின் கடனேயாகும்.