பறக்கும் தட்டைச் சுட எந்தத் துப்பாக்கி சரி? டிராப், ஸ்கீட் கத்துக்க நினைக்கிறவங்களுக்கு முழு விவரம்

'துப்பாக்கி' என்றதும் பாலக்கரையில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நவல்பட்டு துப்பாக்கித் தொழிற்சாலை. 2022 ஜூலையில் மாநில துப்பாக்கி சுடும் போட்டிக்காக நடிகர் அஜித் குமார் கே.கே.நகர் ரைபிள் கிளப்புக்கு வந்தார். அதன்பிறகு இந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் டிராப் பிரிவில் பிருத்விராஜ் தொண்டைமான் களமிறங்கியபோது, 'அட, நம்ம பக்கத்து ஊர் பையன்' என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ், திருச்சி முன்னாள் மேயர் சாருபாலா தொண்டைமானின் மகன். 2023-ல் தோஹா உலகக்கோப்பையில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம் வென்றார். அந்த அணி எடுத்த 361 புள்ளிகள் ஆசியப் போட்டி சாதனை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, 'நானும் கத்துக்கணும், என்ன துப்பாக்கி வாங்கணும்?' என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. அவசரப்பட்டு வாங்கினால் பல லட்சம் வீணாகும். அதனால் கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

களிமண் தட்டு, ஆனா களிமண் இல்லை

இந்தப் போட்டியின் இலக்கை 'கிளே' என்பார்கள். பெயரில்தான் களிமண். உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளும் தார் போன்ற பிசினும் கலந்து செய்த தட்டு அது. அகலம் 11 செ.மீ., எடை 105 கிராம். எந்திரத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் பறக்கும்.

ஒற்றைக் குண்டால் இதை அடிப்பது நடக்காத காரியம். அதனால்தான் ஷாட்கன். இதன் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஈய ரவைகள் இருக்கும். சுட்டதும் அவை பரவிப் பறக்கும், தட்டு அந்தப் பரவலுக்குள் சிக்கினால் உடையும். சர்வதேசப் போட்டியில் ஒரு தோட்டாவில் அதிகபட்சம் 24 கிராம் ரவைதான் அனுமதி.

டிராப் வேற, ஸ்கீட் வேற

துப்பாக்கியைத் தேர்வு செய்வதற்கு முன் எந்த விளையாட்டு என்பதை முடிவு செய்ய வேண்டும்.

டிராப்: சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு குழி. அதில் 15 எந்திரங்கள். தட்டு சுடுபவரை விட்டு விலகி, இடதோ வலதோ நேராகவோ பறக்கும். எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டே தட்டைக் கேட்கலாம். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுட அனுமதி உண்டு.

ஸ்கீட்: அரைவட்டமாக 8 நிலைகள். இரு முனையிலும் ஒரு உயரமான கூண்டு, ஒரு தாழ்வான கூண்டு. தட்டுகள் குறுக்கே பறக்கும், சில நேரம் இரண்டும் ஒரே சமயத்தில். தட்டு கண்ணில் படும் வரை துப்பாக்கியை இடுப்பளவில்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரே வாய்ப்பு.

இரண்டிலும் தகுதிச் சுற்றுக்கு 125 தட்டுகள். டிராப்பில் தட்டு எட்டிப் போய்விடும், ஸ்கீட்டில் பக்கத்தில் குறுக்கே ஓடும். துப்பாக்கியின் நீளம், எடை, ரவை பரவும் அளவு எல்லாமே இந்த வித்தியாசத்தைப் பொறுத்துத்தான் அமையும்.

எந்த வகைத் துப்பாக்கி?

மேல்-கீழ் இரட்டைக் குழல்: ஆங்கிலத்தில் ஓவர்-அண்டர் என்பார்கள். ஒலிம்பிக் களத்தில் எங்கு பார்த்தாலும் இதுதான். ஒரு குழலின் மேல் இன்னொன்று இருப்பதால் கண்ணுக்கு எதிரே தெரிவது ஒரே கோடு. இரண்டு குழலுக்கும் வெவ்வேறு பரவல் வைத்துக்கொள்ளலாம். முதலில் கீழ்க்குழல், அது தவறினால் இன்னும் எட்டிப்போன தட்டுக்கு இறுக்கமான மேல்குழல். கீழ்க்குழல் தோளுக்கு நேராக இருப்பதால் முதல் வெடியில் துப்பாக்கி மேலே துள்ளுவதும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கியை மடக்கித் திறந்துவிட்டால் உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும்.

பக்கவாட்டு இரட்டைக் குழல்: தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி. சில வீடுகளில் உரிமத்தோடு இன்னும் இருக்கும். அதை வைத்துப் பழகலாம், விதியிலும் தடை இல்லை. ஆனால் எடை குறைவு என்பதால் தோளில் அடி பலமாக விழும். நாள் முழுக்க 100 தோட்டா சுடுவதற்கு அது செய்யப்படவில்லை.

அரைத்தானியங்கி: ஒரே குழல். சுட்டதும் வெற்றுத் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். வாயுவில் இயங்கும் வகைகளில் அதிர்வு குறைவு, தொடக்கத்தில் பழகுவோருக்குத் தோள்வலி இருக்காது. குறை என்னவென்றால், இரண்டு வெடிக்கும் ஒரே பரவல்தான். வெற்றுத் தோட்டா பக்கத்தில் நிற்பவர் மீது தெறிக்கும். துப்பாக்கி காலியா என்பதும் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது.

பம்ப் ஆக்‌ஷன்: இங்கேதான் திருச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டும். 1966-ல் தொடங்கிய நம்ம ஊர் தொழிற்சாலையில் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி தயாரிக்கப்பட்டது. விலையும் இறக்குமதித் துப்பாக்கியை விடக் குறைவு. 'அப்போ இதையே வாங்கிடலாமே' என்று தோன்றும். ஆனால் சர்வதேச விதிப்படி டிராப், ஸ்கீட் இரண்டிலும் பம்ப் ஆக்‌ஷனுக்கு அனுமதி கிடையாது. போட்டிதான் குறிக்கோள் என்றால் இதை வாங்குவதில் பயன் இல்லை.

நீளம், எடை, வாய் இறுக்கம்

டிராப் துப்பாக்கியின் குழல் பொதுவாக 30 முதல் 32 அங்குலம். நீளக்குழல் நிதானமாக நகரும், எட்டிப்போகும் தட்டைப் பின்தொடர வசதி. ஸ்கீட்டுக்கு 28 முதல் 30 அங்குலம். சட்டென்று தூக்கி வீச வேண்டும் என்பதால் கொஞ்சம் குட்டை.

போட்டித் துப்பாக்கியின் எடை மூன்றரைக் கிலோவைத் தாண்டும். கனமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அந்தக் கனம்தான் தோளைக் காப்பாற்றுகிறது.

குழல் வாயின் இறுக்கத்தை 'சோக்' என்பார்கள். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் எட்டிப் பாய்வது போல, சோக் இறுகினால் ரவை அதிக தூரம் வரை சிதறாமல் போகும். 30 மீட்டருக்கு மேல் உடைக்க வேண்டிய டிராப்புக்கு இறுக்கமான சோக். 20 மீட்டர் சுற்றளவில் உடைக்கும் ஸ்கீட்டுக்குத் திறந்த வாய்.

போர் எத்தனை? 12தான். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம குண்டுகள் செய்தால், ஒரு குண்டின் விட்டம்தான் அந்தக் குழலின் அளவு. ஏறத்தாழ 18.5 மி.மீ. எண் கூடினால் குழல் சிறுக்கும். 20 போர் பயன்படுத்தத் தடை இல்லை, ஆனால் களத்தில் எல்லோரிடமும் இருப்பது 12தான்.

சட்டை மாதிரி, துப்பாக்கிக்கும் அளவு உண்டு

பிராண்டைப் பார்த்து வாங்குபவர்கள் சறுக்கும் இடம் இது. பெரெட்டா, பெராஸி என்று இத்தாலியின் பெரிய பெயர்கள் இருக்கலாம். பின்கட்டை உடம்புக்குப் பொருந்தாவிட்டால் தட்டு உடையாது. ஷாட்கன்னில் பின்பக்கக் குறி கிடையாது, கண்ணே குறி. கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ அதை வைத்துத்தான் ரவை போகும்.

சோதிக்க எளிய வழி இது. துப்பாக்கி காலியாக இருப்பதைப் பயிற்சியாளர் உறுதி செய்த பிறகு, பாதுகாப்பான திசையில் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்க வேண்டும். கண் திறந்ததும் குழலின் மேல்பட்டை நேராகத் தெரிந்தால் பொருத்தம். குழலின் பக்கம் தெரிந்தாலோ, பின்முனை பார்வையை மறைத்தாலோ கட்டையைச் சரிசெய்ய வேண்டும். தட்டு மேலெழும் டிராப்புக்குக் கட்டை கொஞ்சம் உயரமாக இருக்கும்.

வலது கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கம் இருந்தால் குறி தொடர்ந்து விலகும். வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்லுது?

ஷாட்கன்னுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். 21 வயதுக்குக் கீழ் சொந்த உரிமம் கிடைக்காது, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கிளப்பின் மேற்பார்வையில் இளையோர் பயிற்சி பெற விதிகளில் இடம் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு இருக்கிறது. உரிமத்தின் காலம் 5 ஆண்டுகள்.

வெளிநாட்டுத் துப்பாக்கியை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்ய முடியாது. போட்டிகளில் உரிய தகுதி பெற்ற வீரர்களுக்கே அந்தச் சலுகை. அதனால்தான் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் வழி, 'முதல்ல கிளப் துப்பாக்கியில் சுடுங்க' என்பது.

எங்கே தொடங்குவது?

ரவைகள் 200 மீட்டர் வரை போய் விழும். ஆகவே பாலக்கரை மாதிரி நெரிசலான இடத்தில் தட்டு சுடும் களம் அமைக்க முடியாது. பரந்த திறந்தவெளி வேண்டும். மாநில ரைபிள் சங்கத்தோடு இணைந்த கிளப்பில் உறுப்பினராவதுதான் முதல் படி. அங்கே ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு, டிராப், ஸ்கீட் களம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது அவசியம். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. டிராப்பில் தவறவிட்ட தட்டுக்கு இரண்டாவது தோட்டாவும் செலவாகும். துப்பாக்கி ஒருமுறை செலவு, தோட்டா வாராவாரம் செலவு. காதடைப்பானும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் களத்துக்குள் போகவே கூடாது.

சுருக்கமாகச் சொன்னால், முதலில் கிளப், அடுத்து டிராப்பா ஸ்கீட்டா என்ற முடிவு, பிறகு உரிமம், கடைசியில்தான் துப்பாக்கி. வாங்குவது என்று முடிவானால், உடம்புக்குப் பொருந்தும் 12 போர் மேல்-கீழ் இரட்டைக் குழல். நல்ல நிலையில் உள்ள பழைய துப்பாக்கியே போதும், ஆனால் அதையும் உரிமம் உள்ளவரிடமிருந்து முறையான பதிவோடு மட்டுமே வாங்க வேண்டும்.