ஃபுளோரிடாவில் ஹரிக்கேன் முன்னேற்பாடு

அட்லாண்டிக் பெருங்கடல், கரீபியக் கடல், மெக்சிகோ வளைகுடா, கிழக்குப் பசிபிக் ஆகிய கடல்களில் எழும் கடும்புயலுக்கு ஹரிக்கேன் என்று பெயர். வங்கக் கடலில் வரும் புயலும் இதுவும் ஒரே இனம்தான். ஹரிக்கேன் என்பது கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல். ஸ்பானியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நம் ஊருக்கு அரிக்கேன் விளக்காக வந்து சேர்ந்தது.

காற்றின் வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரை எட்டினால் புயல் ஹரிக்கேன் ஆகிறது; 252ஐத் தொட்டால் அது ஐந்தாம் வகை, உச்சம். சாஃபிர், சிம்சன் என்ற இருவர் பெயரால் அறியப்படும் இந்த அளவுகோல் காற்றை மட்டுமே அளக்கும். ஆனால் 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது தண்ணீர். "ஒன்றாம் வகைதானே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவது ஆபத்தாவது இதனால்தான்.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஃபுளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். நிலநடுக்கம் சொல்லாமல் வரும். ஹரிக்கேனோ பெரும்பாலும் சில நாள் முன்பே சொல்லிவிட்டு வரும். உயிர் பிழைக்க வைப்பது அந்த அவகாசம்தான். ஆளைத் தேய்ப்பதும் அதுதான்.

முன்னறிவிப்பு

மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை வெளியிடுகிறது. ஹரிக்கேன் வரக்கூடும் என்றால், பலத்த காற்று தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரத்துக்கு முன் 'வாட்ச்'. வருவது உறுதிபோல் தெரிந்தால் 36 மணி நேரத்துக்கு முன் 'வார்னிங்'. வரைபடத்தில் புயல் போகும் வழி ஒரு கூம்பாக வரையப்படும். புயலின் மையம் மூன்றில் இரண்டு முறை அந்தக் கூம்புக்குள் இருக்கும், அவ்வளவுதான். பாதிப்பின் எல்லையைக் கூம்பு காட்டுவதில்லை.

கூம்பின் நடுக்கோட்டை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி புயலுக்கான கோடு டாம்பா வளைகுடாவை நோக்கி இருந்தது. புயல் முன்னதாகவே வலப்புறம் திரும்பி, நான்காம் வகையாக வலுத்து, தெற்கே பன்டா கோர்டாவைப் புரட்டிப் போட்டது. எச்சரிக்கை அந்த ஊருக்கும் இருந்தது. கண்கள்தான் கோட்டில் இருந்தன.

வீடு

1992இல் ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கிய பிறகு மாநிலத்தின் கட்டட விதிகள் இறுக்கப்பட்டன. காற்று கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தால் கூரையைத் தூக்கிவிடும் என்பதால் எல்லாக் கவனமும் ஜன்னல் மேல். கண்ணாடியில் பெருக்கல் குறிபோல் டேப் ஒட்டும் பழக்கம் வீண். அது உடைவதைத் தடுக்காது, துண்டுகளைப் பெரிதாக்கித்தான் தரும். பிளைவுட் பலகையோ அலுமினியத் தகடோ வேண்டும். செப்டம்பர்ப் புழுக்கத்தில் கேரேஜிலிருந்து தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, விளிம்பு கையைக் கிழிக்காமல் உறை போட்டுக்கொண்டு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் மாட்டி விங் நட்டுகளை முடுக்குவார்கள். தெரு முழுக்க ட்ரில்லிங் சத்தம். கடைசித் தகடு ஏறியதும் நடுப்பகலில் வீடு இருண்டுவிடும். அப்போதுதான் பலருக்கும் புயல் வருவது உறைக்கிறது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீர் என ஏழு நாளுக்குச் சேர்க்கச் சொல்கிறார்கள். கழிப்பறைக்கு வேண்டியதைக் குளியல் தொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். மருந்து, ரொக்கம், காரில் பெட்ரோல், உறை போட்ட பத்திரங்கள். வெளிச்சத்துக்கு பேட்டரி விளக்கே நல்லது. தீப்பிடிக்கும் என்பதால் மெழுகுவத்தி வேண்டாம் என்கிறார்கள். அரிக்கேன் விளக்குக்கே அங்கு வேலையில்லை!

புயல் வந்தபின் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பொருந்தாது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். அதை ஜூனுக்கு முன்பே எடுக்க வேண்டும்.

வெளியேற்றம்

கடல்நீர் எட்டக்கூடிய பகுதிகள் 'ஏ' முதல் எழுத்து வாரியாக மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வெளியேற்ற உத்தரவு அதன்படியே வரும். மொபைல் ஹோம் எனப்படும் நகர்த்தக்கூடிய வீடுகளில் இருப்போர் எந்த மண்டலமானாலும் கிளம்ப வேண்டும். தண்ணீரிலிருந்து ஓடு, காற்றிலிருந்து ஒளிந்துகொள் என்பது அங்கே வழக்கமான அறிவுரை. ஓடுவது என்றால் நூற்றுக்கணக்கான மைல் அல்ல, தண்ணீர் ஏறாத அடுத்த ஊர் போதும். 2005இல் ரீட்டா புயலுக்கு அஞ்சி டெக்சாஸ் கரையிலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தபோது, நெரிசலிலும் வெப்பத்திலும் ஒரு பேருந்துத் தீயிலுமாக வெளியேற்றத்திலேயே பலர் மாண்டனர். அதற்குச் சில வாரம் முன்னர் கத்ரீனா புயலின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கினர். 2006இல் வந்த மத்தியச் சட்டம் வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்கச் சொன்னது.

மனம்

புயலுக்குப் பிந்திய மன உளைச்சல் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. காத்திருக்கும் நாட்களைப் பற்றிக் குறைவு. தூக்கம் கெடுகிறது, குழந்தைகள் மேல் எரிந்துவிழுவது கூடுகிறது, போவதா இருப்பதா என்று தம்பதிகளுக்குள் தகராறு. இர்மா (2017), மைக்கேல் (2018) புயல்களின்போது ஃபுளோரிடாவாசிகளைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வு, அடிபட்டு அடிபட்டு மரத்துப்போகும் என்ற நினைப்பை மறுத்தது: அடுத்தடுத்த புயல்கள் மனத்தை மேலும் நோகவே வைத்தன. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் நனைத்துப்போன மெத்தைகளும் சோபாக்களும் தெருவோரத்தில் கிடக்கும்போதே, அக்டோபர் 9 அன்று மில்டன் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை.

செய்யக்கூடியது சிறிது. முழு அறிக்கை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதிதாக வருகிறது. இடையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது பழைய செய்தியும் புதிய பயமும். கைக்கு ஒரு வேலை இருந்தால் மனம் அடங்கும். குழந்தைகளிடம் டார்ச்சுக்கு பேட்டரி போடும் பொறுப்பைக் கொடுப்பது வெறும் விளையாட்டு அல்ல. போவதற்கான நிபந்தனையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் நள்ளிரவு வாக்குவாதம் குறையும். பேரிடர் மன உளைச்சலுக்கென்றே 24 மணி நேர இலவசத் தொலைபேசி உதவி 2012 முதல் நாடெங்கும் உள்ளது.

புயலுக்குப் பின்

புயல் கடந்தபின் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கேரேஜிலோ ஓட்டி, கார்பன் மோனாக்சைடு நச்சால் இறப்பவர்கள் அநேகமாக ஒவ்வொரு முறையும் உண்டு. வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். வெளியூர் போகிறவர்கள் கிளம்புமுன் ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுச் செல்வதுண்டு. திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் உணவு கெடவில்லை. அடியில் கிடந்தால், மின்சாரம் நெடுநேரம் போய் வந்திருக்கிறது. உள்ளே இருப்பதை அப்படியே குப்பையில் கொட்டிவிடுவார்கள்.