கித்தாக் காட்டில் கிங் காங்

மறைந்த மேடைகள் – 23

கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் நீல மையால் 'குஸ்தி' என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில் 'சித்தி கல்யாணம்'. இரண்டும் சரிதான். முதல் நாற்பது நிமிடம் கல்யாணம் ஓடுகிறது. தாலி கட்டி முடிந்து, பந்தியில் வாழை இலை விரிக்கிற நேரத்தில் படம் ஒரு தடவை குலுங்குகிறது. அடுத்த காட்சியில் நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கம் நிற்கிறது. மாமா வாடகைக் கேசட்டிலிருந்து படி எடுத்து வைத்திருந்ததன் மேல், வேறு காலிக் கேசட் கிடைக்காமல் கல்யாணத்தைப் பதிந்துவிட்டார்கள். தப்பியது கடைசிப் பகுதி மட்டும். தெலுக் இந்தானில் இன்னும் ஓடுகிற வீடியோ பெட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டில், போன வாரம் அதைப் போட்டுப் பார்த்தேன்.

தப்பிய பகுதியில் இருப்பது 1984 ஜனவரி 23ஆம் தேதி நடந்த மோதல். ஈரானில் பிறந்த அயர்ன் ஷேக் அப்போது சாம்பியன். நான்கு வாரத்துக்கு முன்புதான் பாப் பேக்லண்டிடமிருந்து பட்டத்தைப் பறித்திருந்தார். ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பிணை பிடிக்கப்பட்ட சம்பவம் முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதனால் ஷேக் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் அவரை வெறுக்கத் தயாராக இருக்கிறது. ஹல்க் ஹோகன் ஓடி வருகிறார். மேலங்கியைக் கழற்றக்கூட நேரம் தராமல் ஷேக்கை அடிக்கிறார், அந்த அங்கியாலேயே கழுத்தை இறுக்குகிறார். பிறகு ஷேக்கின் கை ஓங்குகிறது. ஹோகனைக் குப்புறக் கிடத்தி, முதுகில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார். ஒட்டகப் பிடி என்பது இதுதான். இதில் மாட்டியவன் எழுந்ததில்லை என்று அதுவரை சொல்லி வைத்திருந்தார்கள். ஹோகன் எழுகிறார். முதுகில் தொங்கும் ஷேக்கைத் தூக்கிக்கொண்டே போய் மூலைக் கம்பத்தில் மோதுகிறார். கயிற்றில் பாய்ந்து திரும்பி, கீழே கிடப்பவர் கழுத்தின் மேல் காலைப் போட்டு விழுகிறார். மூன்று எண்ணிக்கை, முடிந்தது. எல்லாம் ஆறு நிமிடத்துக்குள்.

சிறுவனாகப் பார்த்தபோது அது அரை மணி நேரம் ஓடியதாக நினைவு. இந்தத் தடவை நான் கவனித்தது ஹோகனை அல்ல, ஷேக்கை. எங்கே விழ வேண்டும், எவ்வளவு நேரம் பிடியை வைத்திருக்க வேண்டும், கூட்டத்தின் மூச்சு எப்போது அடைக்கும் என்று அறிந்து வேலை செய்கிறவர் அவர். ஜெயித்தவரின் புகழில் பாதிக்கு மேல் தோற்றவரின் உழைப்பு என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த ஆறு நிமிடத்துக்கு வரலாற்றில் இன்னொரு இடமும் உண்டு. அதுவரை அமெரிக்காவில் குஸ்தி வட்டாரத் தொழில். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முதலாளி, ஒரு குழு, ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி. மெம்ஃபிஸ் நகரில் சனிக்கிழமை காலை ஸ்டூடியோவில் சின்னக் கூட்டத்தை வைத்துக் காட்டுவார்கள். பெரிய வீரன் பெயர் தெரியாத ஒருவனை மூன்று நிமிடத்தில் சாய்ப்பான். பிறகு ஒலிவாங்கி முன் நின்று, எதிரியைத் திங்கட்கிழமை இரவு வரச் சொல்லி அறைகூவுவான். திங்கள் இரவுக்கு டிக்கெட் விற்பதுதான் சனிக்கிழமையின் வேலை. விற்று முடிந்த பிறகு அந்த நாடாவுக்கு மதிப்பில்லை. பல நிலையங்கள் அதை அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தன. இன்று மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி ரசிகர்கள் வீட்டில் பதிந்து காத்ததுதான். அந்த 1984இலிருந்துதான் வடகிழக்கு வட்டாரக் குழு ஒன்று ஹோகனை முன்னிறுத்தி நாடு முழுவதும் பரவி, மற்ற வட்டாரங்களை விழுங்க ஆரம்பித்தது. பிறகு கடல் தாண்டி நம் வீட்டுப் பெட்டிக்குள்ளும் வந்தது.

அப்படியென்றால் நம் வட்டாரம்? நமக்கு ஒன்று இருந்ததா?

இருந்தது. எங்கள் பெரியப்பா ஹோகனைப் பார்த்து ஒரு தடவைகூட வாயைப் பிளந்ததில்லை. தெலுக் இந்தானுக்கும் ஊத்தான் மெலிந்தாங்குக்கும் நடுவில் இருந்த தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "இவனென்னடா, கிங் காங் வயித்தால விழுந்தா இவன் அப்பளம்" என்பார். நாங்கள் குரங்குப் படத்தைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரிப்போம். அவர் சொன்னது எமில் சாயா என்கிற மனிதரை. 1909இல், அன்றைய ஆஸ்திரியா–ஹங்கேரியில் பிறந்தவர். இந்தியாவில் ஆடி, அங்கே கிங் காங் என்ற பெயரோடு வளர்ந்து, சிங்கப்பூரை வீடாக்கிக்கொண்டவர். எடை 180 கிலோவுக்கு மேல். எதிரி கீழே கிடக்கும்போது அந்த வயிற்றோடு மேலே விழுவதுதான் அவர் ஆயுதம்.

போருக்குப் பின் மலாயாவில் குஸ்தி வளர்ந்த இடம் கேளிக்கைப் பூங்காக்கள். சிங்கப்பூரில் கிரேட் வேர்ல்ட், நியூ வேர்ல்ட், ஹேப்பி வேர்ல்ட். கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா. ஈப்போவில் ஜூபிலி பூங்கா. சீனக் கூத்து ஒரு மூலையில், ஜோகெட் நடனம் ஒரு மூலையில், நடுவே கயிறு கட்டிய மேடை. தொலைக்காட்சி இல்லாத நாட்டில் சனிக்கிழமைக் காலையின் வேலையைச் சுவரொட்டியும் செய்தித்தாளும் செய்தன. தோட்டத்துக் கிராணி பேப்பரைப் படித்துச் சொல்ல, மறுநாள் பெரட்டுக் களம் முழுக்க அதே பேச்சு என்று பெரியப்பா சொல்வார். ஈப்போவுக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். போய்வந்தவன் ஒரு மாதம் கதை சொல்வான். போகாதவர்களும் பார்த்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

அந்த மேடையில் எழுந்தவர்தான் தாரா சிங். 1928இல் அமிர்தசரஸ் பக்கம் தர்முச்சக் கிராமத்தில் பிறந்தார். பத்தொன்பது வயது வாக்கில் சிங்கப்பூர் வந்து, தகர டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வேர்ல்டில் ஹர்னாம் சிங்கிடம் பயின்றார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலாயா சாம்பியன் ஆனார். பின்னாளில் இந்தியா முழுக்கக் கொண்டாடியவர், ஜார்ஜ் கோர்டியென்கோவை 1959இலும் லூ தேஸை 1968இலும் வென்றவர், ராமாயணம் தொடரில் அனுமனாக வந்தவர், எல்லாம் அவரே. அவர் முதல் பட்டம் நம் மண்ணில் வாங்கியது. இதை மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

அந்தக் காலப் பேச்சில் பஞ்சாபியரை எல்லாம் தமிழர்கள் 'வங்காளி' என்றே சொன்னார்கள். ஊர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் தாரா சிங் மேடை ஏறினால் அவர் நம்மாள். வெள்ளைக்காரத் துரையிடம் தலை நிமிர்ந்து பேச முடியாத லயத்துச் சனம், ஓர் இந்தியன் கிங் காங் என்ற ஐரோப்பியனை இடுப்புக்கு மேல் தூக்கிச் சுழற்றுவதைப் பார்த்தது. கிங் காங் துரையும் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெரியப்பா அந்தச் சுழற்றலைக் கையால் செய்து காட்டும்போது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஹோகனைப் பார்த்த எங்கள் யார் முகத்திலும் நான் கண்டதில்லை.

நம் வட்டாரம் வெளியே போனதும் உண்டு. 1954 பிப்ரவரியில் ஜப்பானில், கனடாவின் ஷார்ப் சகோதரர்களோடு அந்நாட்டு வீரர் ரிக்கிடோசன் மோதியதைத் தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு முன் பெருங்கூட்டம் நின்று பார்த்தது. அடுத்த வருடம் நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிங் காங்கும் டைகர் ஜோகிந்தர் சிங்கும் டோக்கியோ போனார்கள். ஆசிய இரட்டையர் பட்டத்தை முதன்முதலில் வென்ற இணை இவர்கள்தான். தனியாள் ஆசியப் பட்டத்துக்கு ரிக்கிடோசனிடம் கிங் காங் தோற்றார். ஜப்பானியக் குஸ்தி வரலாற்றில் அந்த இரண்டு பெயரும் இன்றைக்கும் உண்டு.

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1963 டிசம்பர் 28. அதற்குள் பூங்காக்களின் நல்ல காலம் சரியத் தொடங்கியிருந்தது. 1970இல் சாலை விபத்தில் அடிபட்டு கிங் காங் சிங்கப்பூரில் இறந்துபோனார். தோட்டத்துக்குள் பெட்டி வரவோ இன்னும் நாள் ஆனது. மின்சாரம் இல்லாத லயத்தில் கார் பேட்டரியில் ஓட்டினோம். பேட்டரி இறங்கினால் சைக்கிளில் கட்டி டவுனுக்கு எடுத்துப்போய் ஏற்றிவர வேண்டும். வருட லைசென்ஸ் 24 வெள்ளி. ஒரு வீட்டுப் பெட்டிக்குப் பத்து வீட்டு ஆட்கள்.

டிவி மூன்று 1984 ஜூன் 1ஆம் தேதி தொடங்கியது. முதலில் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மட்டும். பேராக்குக்கு அலை வந்ததும் மூங்கில் கழியில் ஏரியல் கட்டி, ஒருவன் கூரைமேல் திருப்ப, ஒருவன் கீழே நின்று "போதும், போதும்" என்று கத்த, குஸ்தி வந்தது. வர்ணனை ஆங்கிலத்தில். லயத்தில் பாதிப் பேருக்கு அது புரியாது. ஐந்தாம் பாரம் படித்த ஓர் அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். சொல்வதில் பாதி அவர் சொந்தச் சரக்கு. இவனுக்கும் அவனுக்கும் மூன்று தலைமுறைப் பகை என்பார், இவன் தங்கையை அவன் அவமதித்தான் என்பார். இப்போது யோசித்தால் அவர் கூத்தில் வரும் கட்டியங்காரன் வேலையைச் செய்திருக்கிறார். மாரியம்மன் திருவிழாக் கூத்தில் யார் யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று முன்னால் நின்று சொல்லுமே, அதே குரல்.

ஆகவே 'எல்லாம் பொய்தானே' என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்று. முடிவு முன்பே பேசியது, உண்மை. விழுவது நிஜப் பலகை மேல், அதுவும் உண்மை. அரிச்சந்திரன் மகனைத் திரும்பப் பெறுவான் என்று தெரிந்தே மயான காண்டத்தில் அழுத எங்கள் பாட்டிமார் யாரும் ஏமாளிகள் இல்லை. பெரியப்பாவும் ஏமாளி இல்லை. அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் ஈப்போவுக்குப் போனார்.

இந்தக் கலை நம் நாட்டில் அற்றுப் போகவில்லை. 2014இல் கோலாலம்பூர்ப் பக்கம் இளைஞர்கள் சேர்ந்து மலேசியா புரோ ரெஸ்லிங் தொடங்கினார்கள். முக்காடு அணிந்து ஆடும் நோர் டயானா 2019இல் ஆண்களை எதிர்த்து நின்று பட்டம் வென்றார். அவர்களுக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒவ்வொரு மோதலும் பதிவாகிறது.

ஜூபிலி பூங்காவின் மோதல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மெம்ஃபிஸ்காரர்களுக்கு வீட்டுக் கேசட்டாவது மிஞ்சியது. எங்கள் வீட்டில் மிஞ்சியது ஆறு நிமிட நியூயார்க். பெரியப்பா கையால் காட்டிய அந்தச் சுழற்றலை நான் ஒரு நாள்கூடப் படம் பிடித்து வைக்கவில்லை. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, பீடோர், ஈப்போ வாசகர்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், இந்த ஞாயிறு பக்கத்தில் உட்கார்ந்து கிங் காங் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பேச ஆரம்பித்தால் கைத்தொலைபேசியை முன்னால் வைத்துப் பதிந்துகொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியில் பழைய நுழைவுச்சீட்டோ, நோட்டீசோ, குஸ்திவீரன் பக்கத்தில் தாத்தா நிற்கும் படமோ கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நகல் இந்தத் தொடருக்கு அனுப்பிவையுங்கள். வருகிறதை எல்லாம் அச்சிடுவோம்.